ஸ்பிரிட் காரை நிறுத்தி வைத்த பத்து மாதம்

நிற்கிற வண்டிக்கு மெக்கானிக் எதற்கு என்று பழைய கார் வைத்திருக்கிற உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். மூன்று மாதம் ஷெட்டில் கிடந்த காரை எழுப்பத் தெரியாமல் பேட்டரியை மாற்றி, பிளக்கை மாற்றி, கடைசியில் என்னைக் கூப்பிட்டுவிட்டு அப்படிக் கேட்டார். வந்த கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டிலும் உட்கார முடியவில்லை. சரி, எழுதியே தொலைப்போம் என்று எழுதுகிறேன்.

இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலிலேயே ஆல்கஹால் கலந்து வருகிறது. நான் எண்பதுகளின் கடைசியில், முழுக்க ஆல்கஹாலிலேயே ஓடிய ஒரு ரேஸ் காரைப் பத்து மாதம் நிறுத்தி வைத்தேன். நிறுத்தி வைத்தே கெடுத்தேன். தம்பிகளா, ஓட்டிக் கெடுத்தவனுக்காவது ஓட்டிய சுகம் மிஞ்சும். எனக்கு அதுவும் இல்லை.

நான் பாளையம்பட்டிக்காரன். லாரி ஷெட்டில் கை பழகி, முப்பது வயதுக்கு மேல் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வாகன மெக்கானிக்காகச் சேர்ந்தேன். மில்லை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணனைப் பெரியவுக என்போம், தம்பியைச் சின்னவுக என்போம். பெரியவருக்கு நூல்தான் உலகம். சின்னவருக்கு வேகம். அவருக்காகக் கோயம்புத்தூரில் செய்து வந்த கார் அது. ஒரே ஆள் உட்காரலாம், தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும். பழைய பியட் இன்ஜினைப் பிரித்து, பெட்ரோலுக்குப் பதில் ஸ்பிரிட்டில் ஓடும்படி மாற்றியிருந்தார்கள். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடிக்கிற ஸ்பிரிட். பெர்மிட் வாங்கி, யாரும் குடித்துவிடாதபடி நாற்ற மருந்து கலந்து, பீப்பாயில் வரும். அதில் ஓடும்போது இன்ஜின் சூடு குறைவு, இழுவை அதிகம்.

ஊருக்குள் விஷயம் வேறு மாதிரிப் பரவியது. திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏலே முத்து, ஒங்க மில்லுல சாராயம் குடிக்கிற காரு ஒண்ணு நிக்குதாம்ல? அதுக்கு ஊறுகா எடுத்துக் குடுக்கிற வேலதான் ஒனக்கா?" பஸ்ஸே சிரித்தது. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே போனேன். அவ்வளவு ரோஷம் அப்போது.

சென்னைப் பக்கம் பழைய விமான ஓடுதளத்தில் பிப்ரவரியில் ரேஸ் நடக்கும். அந்த வருஷ ரேஸ் முடிந்து காரை லாரியில் ஏற்றும்போது, இன்ஜினைச் செய்து கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது பெட்ரோல் வண்டி இல்லீங்க. ஊருக்குப் போன ஒடனே டேங்க்குல ஒரு சொட்டு விடாம எறக்கிருங்க. கார்புரேட்டர் ஜெட்டை மாத்திப் பெட்ரோல்ல கொஞ்ச நேரம் ஓட விட்டு, அப்பறம் இன்ஜின் உள்ளார எண்ணெய் காட்டி மூடி வைங்க. ஸ்பிரிட்டு காத்துல இருக்கற தண்ணிய இழுக்குமுங்க. அலுமினியத்தத் தின்னுரும்."

நன்றாகத்தான் கேட்டேன். நன்றாகத்தான் தலையாட்டினேன். மனசுக்குள் வேறு ஓடியது. இவருக்கென்ன, இவர் ஊரில் சாரல் அடிக்கும். எங்கள் கரிசலில் காற்றில் தண்ணீர் இருந்தால் நாங்கள் ஏன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்? அதோடு லாரி ஷெட்டில் நான் படித்த பாடம் ஒன்று இருந்தது: நிறுத்துகிற வண்டிக்கு வயிற்றை நிறைத்து நிறுத்து, காலி டேங்க் துருப்பிடிக்கும். டீசலுக்கு அது சரியான பாடம். அதனால்தான் அது என்னை ஏமாற்றியது. தப்பான பாடத்தை எவனும் இருபது வருஷம் நம்பமாட்டான்.

சின்னவரும் ஒரு காரணம். "முத்து, எனக்கு எப்பத் தோணுதோ அப்ப எடுத்து ஒரு ஓட்டு ஓட்டணும். எறக்கி ஏத்திக்கிட்டுக் கெடக்காத" என்றார். எனக்கும் அதுதான் வசதி. டேங்கை விளிம்பு வரை நிறைத்தேன்.

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியது. எங்கே நிறுத்துவது? எங்கள் பக்கம் சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தகரக் கொட்டகையில் வைத்தால் ஸ்பிரிட் ஆவியாகிவிடும், தீப்பிடித்தாலும் பிடிக்கும். மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்டிஷன் ரூம் என்று ஒன்று உண்டு. நூல் காய்ந்தால் அறும், எடையும் குறையும். அதனால் கோனில் சுற்றிய நூலைப் பெட்டியில் அடைப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்த ரூமில் வைத்து ஈரக்காற்று காட்டுவார்கள். தடித்த சுவர், வெயில் படாது, சித்திரையிலும் உள்ளே போனால் உடம்பு சிலிர்க்கும். ஒரு மூலை காலியாகக் கிடந்தது. இதைவிட நல்ல இடம் எது என்று காரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சுகிற சரக்கை, மில்லிலேயே ஈரம் அதிகமுள்ள அறையில் கொண்டுபோய் வைத்தவன் நான். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. குளிர்ச்சி தெரிந்தது, ஈரம் தெரியவில்லை.

காதருக்குத் தெரிந்தது. வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வருகிற காதர்தான் ஈரக்காற்று பிளாண்டுக்குப் பொறுப்பு. ஒவ்வொரு ரூமிலும் ஜோடித் தெர்மாமீட்டர் மாட்டியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, எவ்வளவு ஈரம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். காதர் என் வயதுக்காரன், சாப்பாட்டுக் கூட்டாளி.

"ஏலே, இந்த ரூம்ல நூலே தண்ணி குடிக்குது. ஓம் வண்டி குடிக்காதாக்கும்?" என்றான் முதல் நாளே.

"நூலு பஞ்சுலே. இது இரும்பு. ஓம் வேலையப் பாரு."

"இரும்பு சரி. உள்ள இருக்கிறது?"

"மூடி போட்டுருக்குலே!"

மூடி போட்டிருந்தது உண்மை. வாரா வாரம் அதைத் திறந்து பார்த்தவனும் நான்தான். எனக்கு வண்டி சும்மா நிற்பதைப் பார்க்க முடியாது. கை அரிக்கும். ரேஸே வேண்டாம் என்று பெரியவர் சடைத்துக்கொண்டதில் சின்னவர் சாயங்கால ஓட்டத்துக்கு வருவது சித்திரையோடு நின்றுவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் போவேன். மூடியைத் திறந்து குச்சி விட்டு அளவு பார்ப்பேன். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் உறும விட்டு அணைப்பேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கும்.

காதர் ஒரு நாள் சிரித்தான். "தூங்குற பிள்ளைய எழுப்பி எழுப்பி உசுரு இருக்கான்னு பாக்கிற ஒரே ஆளு நீதாம்லே."

நான் அவனை முறைத்தேன். அவன் சொன்னது எவ்வளவு சரி என்று உங்களுக்காவது சொல்லிவைக்கிறேன். இரண்டு நிமிஷத்தில் இன்ஜின் சூடேறாது. எரியாத ஸ்பிரிட்டும் எரிந்ததில் உண்டான நீரும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெயில் இறங்கும். சூடேறினால்தான் அது ஆவியாகி வெளியே போகும். ஓட்டுவதானால் ஓட்டு, நிறுத்துவதானால் நிறுத்து. நடுவில் தட்டி எழுப்புவது வண்டிக்காகச் செய்கிற வேலை இல்லை, நம் மனசுக்காகச் செய்கிற வேலை. என் ஆயுசில் நான் செய்த பாதித் தப்புகள் சும்மா இருக்க முடியாமல் செய்தவை.

தை பிறந்தது. ரேஸுக்கு மூன்று வாரம் இருந்தது. பெரியவர் கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். "ஒருக்க என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டட்டும். நிதானமா ஓட்டுறான்னு தெரிஞ்சா மெட்ராஸுக்கு விடுறேன்" என்றார். திங்கட்கிழமை காலையில் திருச்சுழி ரோட்டில் ஓட்டம் என்று முடிவானது. இரண்டு முனையிலும் ஆள் நின்று சிவப்புத் துணி காட்டி வண்டிகளை நிறுத்திவைப்பது ஏற்பாடு. வீட்டு ஆட்கள், மில் ஆட்கள், போகிற வருகிறவர்கள் என்று நல்ல கூட்டம்.

சனிக்கிழமையே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்துக் காலை எடுத்தால் சத்தம் உடனே இறங்க வேண்டும். அன்றைக்கு ஒரு நொடி தயங்கி இறங்கியது. கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். சரியான மாதிரி இருந்தது. கேபிள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்க அரை நாள் போதும். ஞாயிறு முழுக்க சும்மாதான் இருந்தேன். கழற்றினால் என்ன கிடைக்குமோ என்ற பயம். வாரா வாரம் கை அரித்தவனுக்கு அன்றைக்கு மட்டும் கை அரிக்கவில்லை, பாருங்கள்!

திங்கள் காலை, சின்னவர் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். நான் இன்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கையால் ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்து விட்டேன். சத்தம் மறுபடியும் ஒரு நொடி தொங்கிவிட்டு இறங்கியது. கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். திருச்சுழி பஸ் தூரத்தில் நிறுத்தப்பட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேணாம், இறங்குங்க" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பத்து மாதக் கதையையும் அங்கேயே சொல்ல வேண்டிவரும்.

நான் குனிந்து சின்னவர் காதில் சொன்னது இரண்டே வார்த்தை. "பாத்து ஓட்டுங்க."

தம்பிகளா, 'பாத்து ஓட்டுங்க' என்பதை அம்மா சொல்லலாம், பெண்டாட்டி சொல்லலாம். மெக்கானிக் சொல்லக் கூடாது. மெக்கானிக் அதைச் சொல்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். என்ன கோளாறு என்று வாயைத் திறந்து சொல், இல்லாவிட்டால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்.

கார் போனது. நேர் ரோட்டில் அழகாகத்தான் போனது. கண்மாய்க் கரையில் ரோடு வளையும் இடத்தில் சத்தம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அடுத்து ஒரு புழுதி எழுந்தது. சத்தம் அறுந்தது.

நான் ஓடிய ஓட்டம் எனக்கே நினைவில்லை. கார் கருவேலம்புதரைப் பிய்த்துக்கொண்டு கொத்தமல்லிக் காட்டுக்குள் இறங்கி நின்றிருந்தது. நசுங்கிய மல்லி வாசமும் ஸ்பிரிட் நாற்றமும் கலந்து அடித்தது. சின்னவர் சுவிட்சை அணைத்திருந்தார். அதனால் தீப்பிடிக்கவில்லை. தோள்பட்டை எலும்பும் இரண்டு விலாவும் முறிந்திருந்தன. முகமெல்லாம் முள். உயிர் இருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதுவரை முறிந்தது ஓர் ஆளின் எலும்பு. அதற்குப் பிறகுதான் என் பரீட்சை தொடங்கியது. பெரியவர் காரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "வளைவுல காலை எடுக்கத் தெரியல. திமிரு! எத்தனை தடவ சொன்னேன்" என்றார். ஆஸ்பத்திரியில் சின்னவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், இனிமேல் ரேஸ் காரைத் தொடமாட்டேன் என்று தாயார் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று பெரியவர் முடிவு கட்டினார். எங்கள் பக்கம் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் முடிந்தது. பிறகு பேச்சே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காரை இழுத்துவந்து கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தது. ஆக்சிலரேட்டர் திறந்து மூடுகிற காற்றுக் கதவின் அச்சில் அதே வெள்ளை கெட்டியாகப் பிடித்து, கதவு திறந்தபடியே இறுகி நின்றது. கீழே எண்ணெயைத் திறந்தேன். கறுப்பாக வரவேண்டியது பால்காப்பி நிறத்தில் வந்தது. காதர் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் கிண்டல் பண்ணியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நேரே போய்த் தன் நோட்டுகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். பத்து மாதமும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து.

"நான் எழுதுனது இருக்கு. நீ என்ன எழுதி வச்சிருக்க?" என்றான்.

என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. டேங்கில் என்ன இருக்கிறது, எப்போது ஊற்றியது, யார் நிறுத்தியது, எதுவும் இல்லை. நானாகச் சொன்னாலொழிய யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. கார்புரேட்டரைக் கழுவி மாட்டிவிட்டால் கதை முடிந்தது. அந்த எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

புதன்கிழமை வேலை ஓடவில்லை. காரணமே இல்லாமல் திருச்சுழி பஸ்ஸில் ஏறினேன். அந்த வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். திருச்சுழியில் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர் கேட்டார்: "என்னலே, ரெண்டு டிக்கெட்டு எடுத்து எங்கயும் போகல?" வீட்டுக்காரி சோற்றைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "போயிச் சொல்லிட்டு வாங்க. வேலை போனாப் போகுது. நீங்க இப்பிடி நடையா நடக்கிறதப் பாக்க முடியல" என்றாள். நான் அவளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. காதர் சொல்லியிருப்பான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னவர் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கோயம்புத்தூர்க்காரர் சொன்னது, டேங்கை நிறைத்தது, கண்டிஷன் ரூம், சனிக்கிழமைகள், கடைசியில் அந்த இரண்டு வார்த்தை.

"தெரியும்" என்றார்.

"என்னது?"

"நான் காலை எடுத்துட்டேன் முத்து. வண்டிதான் எடுக்கல. அது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் பெரியவுககிட்டச் சொல்லல? ஒங்க மேலல்ல பழி விழுந்துச்சு?"

"நான் சொன்னா ஒன்னயக் காட்டிக் குடுத்ததாப் போகும். அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருவாரு. நீயா வந்து சொன்னா அது வேற." கொஞ்சம் மூச்சு வாங்கினார். விலா வலித்திருக்கும். "திங்கக்கிழமையில இருந்து இந்தக் கதவத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். இன்னிக்கும் வரலன்னா நாளைக்குச் சூடத்த அணைச்சிருப்பேன். நீ பாக்கிற வண்டியில இனி ஏற முடியாது, அப்பறம் எனக்கு எதுக்கு ரேஸு?"

அவர் காலைத் தொட்டேன். "அதெல்லாம் வேணாம். அண்ணன்கிட்டயும் நீயே போயிச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக் கூடத்தில் தட்டில் சூடம் வைத்தாகிவிட்டது. தாயார் கையில் தீப்பெட்டி. நான் உள்ளே போய், கார்புரேட்டரைத் துணியிலிருந்து பிரித்துத் தரையில் வைத்துச் சொன்னேன். பெரியவர் அதைக் கையில் எடுத்து அந்தக் கதவை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே, "அந்தத் தட்ட எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். என்னைப் பார்த்து, "காத்துல தண்ணி இருக்குன்னு தெரியாதவனுக்கு எதுக்கு மெக்கானிக் வேல? இவனக் காதர்கிட்ட விடுங்க, படிக்கட்டும்" என்றார். மூன்று மாதம் காதருக்குக் கீழே நோட்டு எழுதினேன். அவன் ஏலே என்று கூப்பிட்டு வேலை வாங்கினான், ராஸ்கல். நான் என் தொழிலில் ஒழுங்காகப் படித்த மூன்று மாதம் அதுதான்.

அதற்கப்புறம் நான் நிறுத்திய எந்த வண்டியும் அட்டை இல்லாமல் நின்றதில்லை. ஸ்டியரிங்கில் தொங்கும். டேங்கில் என்ன, எப்போது இறக்கியது, எண்ணெய் எப்போது மாற்றியது, கடைசி வரியில் நிறுத்தியவன் பெயர். உங்கள் பெயரை எழுதத் தயக்கமாக இருந்தால் அந்த வண்டியை இன்னும் சரியாக நிறுத்தவில்லை என்று அர்த்தம். மறுபடி போய்ப் பாருங்கள்.

அந்த வருஷம் ரேஸுக்குப் போகவில்லை. காரைச் சரிசெய்து, சொட்டு விடாமல் இறக்கி, பெட்ரோலில் ஓட விட்டு, எண்ணெய் காட்டி, வெயிலும் ஈரமும் இல்லாத பஞ்சு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியில் நிறுத்தினேன். சனிக்கிழமைகளில் போகவில்லை. போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த தையில் மறுபடியும் திருச்சுழி ரோட்டில் ஓட்டம். இந்தத் தடவை சின்னவர் ஒரு நிபந்தனை போட்டார். முதல் ஓட்டம் நான்தான் ஓட்ட வேண்டும்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் காரில் உட்காருகிறவனுக்கு ரோடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று. ஸ்டியரிங்கில் தொங்கிய அட்டையைக் கழற்றி, என் பெயரை ஒருமுறை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு மிதித்தேன். கண்மாய்க் கரை நெருங்கும்போதுதான் பார்த்தேன். வளைவில், போன வருஷம் கார் ரோட்டைவிட்டு இறங்கிய அதே இடத்தில், சின்னவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலை எடுத்தேன். சத்தம் இறங்கியது. வளைத்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினேன்:

"கூறு இருக்கா ஒங்களுக்கு? எங்கன வந்து நிக்கிறீக?"

அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "நீ நிறுத்தி வச்ச வண்டிதான முத்து" என்றார்.